அடிக்கடி சிறுநீர்: தடவை கூடியதா, அளவு கூடியதா?

‘வயசாயிடுச்சு, ராத்திரி மூணு தடவை எழுந்திரிக்கத்தான் வேணும்’ என்று பெரியவர்கள் தங்களுக்குத் தாங்களே சமாதானம் சொல்லிக்கொள்கிறார்கள். ‘பெங்களூர் குளிருக்கு அப்படித்தான்’ என்று நடுத்தர வயதினர் விட்டுவிடுகிறார்கள். வேலைக்குப் போகும் பெண்களோ யாரிடமும் சொல்லக் கூச்சப்பட்டு, தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் பெங்களூர் காக்ஸ் டவுனிலும் இந்த மூன்று சமாதானங்களும் புழக்கத்தில் உள்ளவைதான். மூன்றுமே சிகிச்சையைத் தள்ளிப்போடுகின்றன. அடிக்கடி சிறுநீர் போவது தனி நோய் அல்ல, ஓர் அறிகுறி. காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டால் பெரும்பாலும் குணப்படுத்தலாம். முடியாதபோது கட்டுக்குள் வைக்கலாம்.

எது இயல்பு?

வயது வந்த ஒருவருக்கு 24 மணி நேரத்தில் ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டு லிட்டர் சிறுநீர் சேரும். சிறுநீர்ப்பை 300 முதல் 500 மில்லி வரை தாங்கும். ஆகவே பகலில் ஏழெட்டு முறை போவதும், இரவில் ஒரு முறை எழுவதும் இயல்புதான். டிசம்பர், ஜனவரியில் வியர்வை குறைவதால் பெங்களூரில் இது கொஞ்சம் கூடலாம். வெயில் வந்த பிறகும் குறையவில்லை, தூக்கமோ வேலையோ கெடுகிறது என்றால் குளிரின் மேல் பழி போட முடியாது.

மூன்று நாள் கணக்கு

மருத்துவரிடம் போகும் முன் ஒரு நோட்டும் மில்லி குறித்த பிளாஸ்டிக் ஜாடியும் போதும். மூன்று நாட்களுக்கு, எத்தனை மணிக்குப் போனீர்கள், எவ்வளவு போனது, இடையில் என்ன குடித்தீர்கள், அடக்க முடியாமல் கசிந்ததா என்று எழுதுங்கள். எங்கே தேட வேண்டும் என்பதை அந்தக் கணக்கு காட்டிவிடும்.

ஒவ்வொரு முறையும் நிறையப் போய், நாள் மொத்தம் மூன்று லிட்டரைத் தாண்டினால், உடல்தான் அதிகச் சிறுநீரை உண்டாக்குகிறது. ஒவ்வொரு முறையும் 50, 100 மில்லிதான், மொத்தம் வழக்கமான அளவுதான் என்றால், சிக்கல் சிறுநீர்ப்பையிலோ அதன் வழியிலோ இருக்கலாம். பகலில் சரியாக இருந்து, மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் போனால் காரணம் வேறு.

அளவு கூடினால்

முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரை. ரத்தத்தில் சர்க்கரை சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டும்போது, சிறுநீரகத்தால் அதை முழுவதும் திரும்ப உறிஞ்ச முடியாது. சர்க்கரை சிறுநீரில் இறங்கி, தண்ணீரையும் தன்னோடு இழுத்துச் செல்கிறது. அதனால்தான் அடங்காத தாகம், அசதி, எடை இழப்பு எல்லாம் சேர்ந்து வருகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும் 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில் இருப்பதாகவும் மதிப்பிட்டது. வெறும் வயிற்றில் 126 மில்லிகிராம், அல்லது மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு. அறிகுறிகள் தெளிவாக இல்லாதபோது இன்னொரு சோதனை செய்து உறுதிப்படுத்துவார்கள்.

மாத்திரைகளும் காரணமாகலாம். ரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்கும் தரப்படும் ‘நீர் மாத்திரை’, சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் டாபாக்ளிஃப்ளோசின் வகை மருந்துகள் எல்லாம் சிறுநீரைக் கூட்டும். இவற்றை நீங்களாக நிறுத்தக் கூடாது. நீர் மாத்திரையைக் காலையிலோ பிற்பகலிலோ போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இதோடு காபி. ‘பை-டூ’ என்று பாதி பாதியாகக் குடித்தாலும், நாளில் ஐந்தாறு முறை ஆனால் அது கணக்கில் வரும். காபியிலும் டீயிலும் உள்ள கஃபீன் சிறுநீரைக் கொஞ்சம் கூட்டும், சிறுநீர்ப்பையையும் உசுப்பும்.

தடவை மட்டும் கூடினால்

பெண்களுக்கு முதல் சந்தேகம் கிருமித் தொற்று. பெண்களின் சிறுநீர்க் குழாய் சுமார் 4 சென்டிமீட்டர்தான். குடலில் வாழும் ஈ.கோலை கிருமி எளிதில் பைக்கு ஏறிவிடுகிறது. எரிச்சல், கடுப்பு, அடிவயிற்று வலி, போய் வந்த உடனே மறுபடி போகத் தோன்றுவது ஆகியவை அடையாளங்கள். நீர்க்கடுப்பு வந்தால் பார்லி தண்ணீரோ இளநீரோ குடிப்பதில் பெரும்பாலோருக்குத் தவறில்லை. ஆனால் அவை கிருமியைக் கொல்லாது. போன முறை மீந்த மாத்திரையை எடுத்துப் போடுவது ஆபத்து. சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற பழகிய மருந்துகளுக்கு இந்தியாவில் ஈ.கோலை பெருமளவு எதிர்ப்பு பெற்றுவிட்டது. தொற்று திரும்பத் திரும்ப வந்தால் சிறுநீரைக் கல்ச்சர் செய்து, எந்த மருந்து கேட்கும் என்று பார்த்த பிறகே மாத்திரை எடுக்க வேண்டும். சீழ் அணுக்கள் தென்பட்டும் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை என்றால், சிறுநீர்ப் பாதைக் காசநோயையும் நம் ஊரில் மருத்துவர்கள் நினைத்துப் பார்ப்பார்கள். கர்ப்பமும், மாதவிடாய் நின்ற பின் வரும் மாற்றங்களும், கருப்பை இறக்கமும்கூடக் காரணமாகலாம்.

ஐம்பதைக் கடந்த ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம் சகஜம். வரத் தாமதமாவது, மெல்லிய தாரை, போன பிறகும் சொட்டுவது, முழுதும் போகாத உணர்வு ஆகியவற்றோடு தடவையும் கூடும். இது பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. மாத்திரையிலேயே பலருக்குத் தணிந்துவிடும்.

தொற்றும் இல்லை, தடையும் இல்லை. ஆனாலும் திடீரென்று அடக்க முடியாமல் வருகிறது என்றால் சிறுநீர்ப்பையின் மிகை இயக்கம் காரணமாக இருக்கலாம். மலச்சிக்கல் இதை இன்னும் மோசமாக்கும்.

இரவில் மட்டும் கூடினால்

பகலில் காலில் தேங்கிய நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி சிறுநீராகிறது. கால் வீங்கினால் இதயத்தையும் சிறுநீரகத்தையும் சோதித்துப் பார்க்க வேண்டும். பலமாகக் குறட்டை விட்டு இடையில் மூச்சு நிற்பவர்களுக்கும் இரவுச் சிறுநீர் கூடும்; அந்தத் தூக்கக் கோளாறுக்குச் சிகிச்சை எடுத்தால் இதுவும் குறையலாம். வீட்டில் முதியவர் இருந்தால் கட்டிலிலிருந்து கழிப்பறை வரை ஒரு சிறு விளக்கு எரியட்டும், தரை ஈரமில்லாமல் இருக்கட்டும். இரவில் எழுந்து போகும்போது விழுந்துதான் பலருக்கு இடுப்பு எலும்பு முறிகிறது.

தண்ணீரைக் குறைக்காதீர்கள்

கடையிலும் தையல் கூடத்திலும் பல வீடுகளிலும் வேலை செய்யும் பெண்கள், நல்ல கழிப்பறை கிடைக்காததால் நாள் முழுக்கத் தொண்டையை நனைப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதனால் சிறுநீர் கெட்டியாகிப் பையை எரிச்சலூட்டுகிறது, கல்லும் தொற்றும் வர வழி பிறக்கிறது. அடிக்கடி தொற்று வந்த, தண்ணீர் குறைவாகக் குடித்த 140 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2018-இல் வெளியானது. வழக்கத்தைவிட தினம் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தவர்களுக்கு ஓராண்டில் வந்த தொற்று, மற்றவர்களுக்கு வந்ததில் பாதியளவுதான். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவோடு நிற்க வேண்டும். வேலை செய்யும் இடத்தில் சுத்தமான கழிப்பறை என்பது சலுகை அல்ல, உடல்நலத் தேவை. முதலாளிகளும் வீட்டுக்காரர்களும் இதை உணர வேண்டும்.

தண்ணீரைக் காலையிலும் மதியத்திலும் தாராளமாகக் குடித்து, படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு குறைத்துக்கொள்ளலாம். மாலைக்குப் பிறகு காபி, டீ, மது வேண்டாம். அவசரம் தோன்றும் பழக்கம் உள்ளவர்கள், இப்போது ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை போனால், அந்த இடைவெளியை வாரத்துக்குப் பதினைந்து நிமிடம் நீட்டிப் பழகலாம். சிறுநீரை நிறுத்தும் தசையைச் சில விநாடி இறுக்கித் தளர்த்தும் கீகல் பயிற்சி ஆணுக்கும் பெண்ணுக்கும் உதவும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

எப்போது உடனே போக வேண்டும்?

சிறுநீரில் ரத்தம், குளிர்க் காய்ச்சல், விலாப்புற வலி, வயிறு உப்பியும் சிறுநீர் வராமை, காலில் திடீர் பலவீனம் அல்லது மரத்துப்போதல், தாகத்தோடு வாந்தியும் மயக்கமும் ஆகிய இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் எரிச்சல் என்று சொன்னாலே காத்திருக்கக் கூடாது.

மற்றவர்களுக்குத் தொடக்கச் சோதனைகள் எளியவை: சிறுநீர்ச் சோதனை, ரத்தச் சர்க்கரை, சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின், தேவைப்பட்டால் ஸ்கேன். பக்கத்து அரசு ‘நம்ம கிளினிக்’கில் தொடங்கலாம். சிவாஜிநகரின் பௌரிங் அரசு மருத்துவமனை காக்ஸ் டவுனுக்கு அதிக தூரமில்லை. சிறப்புச் சிகிச்சை தேவைப்பட்டால் விக்டோரியா மருத்துவமனை வளாகத்தில் சிறுநீரகத்துக்கென்றே ஓர் அரசு நிறுவனம் இருக்கிறது. போகும்போது அந்த மூன்று நாள் கணக்கையும், சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். மருத்துவரிடம் கூச்சமில்லாமல் முழுதாகச் சொல்லுங்கள். சரியான சிகிச்சை அங்கிருந்துதான் தொடங்குகிறது.