தரமிறக்கம்: பணக்காரக் கழகங்களையும் விடாத அச்சம்

இங்கிலாந்தின் பிரிமியர் லீக் கால்பந்துப் போட்டியில் ஆடும் இருபது கழகங்களில், பருவத்தின் முடிவில் கடைசி மூன்று இடங்களில் நிற்பவை அடுத்த நிலையான சாம்பியன்ஷிப் பிரிவுக்கு இறக்கப்படுகின்றன. கழகத்தின் பழம்பெருமையோ, உரிமையாளரின் செல்வமோ இந்த விதியிலிருந்து விலக்குப் பெற்றுத் தருவதில்லை.

ஐபிஎல் கிரிக்கெட்டைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றலாம். 2025ஆம் ஆண்டில் சென்னை சூப்பர் கிங்ஸ் பத்து அணிகளில் பத்தாவதாக வந்தது. ஆனால் அதன் இடம் பறிபோகவில்லை. அதே ஆண்டு, வட லண்டனின் செல்வந்தக் கழகமான டாட்டன்ஹாம், 38 ஆட்டங்களில் 22இல் தோற்று 17ஆவது இடத்தில் முடித்தது. அதற்கு அடுத்த இடம் தரமிறக்கத்துக்கு உரியது. கீழே இருந்த மூன்று அணிகள் மிகவும் பலவீனமாக இருந்ததால்தான் டாட்டன்ஹாமின் 38 புள்ளிகள் போதுமானவையாக இருந்தன.

கிழக்கு லண்டனின் வெஸ்ட் ஹாம் கழகத்துக்கு 2003இல் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. தமிழர்கள் செறிந்து வாழும் ஈஸ்ட் ஹாமை அடுத்த அப்டன் பார்க்கில்தான் அப்போது அதன் மைதானம் இருந்தது. முந்தைய பருவத்தில் ஏழாவது இடம் பிடித்திருந்த அணி அது. ஜோ கோல், டேவிட் ஜேம்ஸ், ட்ரெவர் சின்க்ளேர் ஆகிய மூவர் 2002 உலகக் கோப்பைக்கான இங்கிலாந்து அணியில் இடம்பெற்றிருந்தனர். இவர்களைத் தவிர டி கானியோ, டெஃபோ, கேரிக் ஆகியோரும் இருந்தனர். இத்தகைய அணி கீழே இறங்காது என்றே பலரும் நம்பினர். ஆனால் சொந்த மைதானத்தில் முதல் லீக் வெற்றியை அவர்கள் பெற்றது ஜனவரி மாதக் கடைசியில்தான்.

பணத்தைக் கொண்டு நிலைமையைச் சரிசெய்யவும் வழி குறுகலாகவே இருந்தது. பருவத்தின் இடையே ஜனவரியில் மட்டுமே வீரர்களை வாங்கலாம் என்ற கட்டுப்பாடு அந்தப் பருவத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. லீ போயர், லெஸ் ஃபெர்டினாண்ட் போன்றோர் வாங்கப்பட்டனர். ஏப்ரலில் மேலாளர் கிளென் ரோடர் மூளைக் கட்டியால் நோய்வாய்ப்பட, ட்ரெவர் புரூக்கிங் பொறுப்பேற்றார். ஆட்டம் மேம்பட்டது, ஆனாலும் காலம் கடந்துவிட்டிருந்தது. மே 11ஆம் தேதி பர்மிங்ஹாமுடன் 2-2 என்று சமநிலை கண்ட வெஸ்ட் ஹாம், 42 புள்ளிகளுடன் தரமிறங்கியது. 38 ஆட்டங்கள் கொண்ட பருவங்களில் அதுவரை எந்த அணியும் இவ்வளவு புள்ளிகளுடன் பிரிமியர் லீக்கிலிருந்து இறங்கியதில்லை.

விளைவு உடனே தெரிந்தது. ரோமன் அப்ரமோவிச் வாங்கியிருந்த செல்சி கழகத்துக்கு, அந்தக் கோடையிலேயே கிளென் ஜான்சனும் ஜோ கோலும் விற்கப்பட்டனர். வெஸ்ட் ஹாம் மீண்டும் மேலே வர 2005 ஆயிற்று.

இவ்வாறு வீரர்களை விற்க நேர்வதன் காரணம் எளிதானது. பெரிய கழகங்களின் ஊதிய ஒப்பந்தங்கள் பிரிமியர் லீக்கின் தொலைக்காட்சி வருவாயை நம்பிப் போடப்படுபவை. இறங்கியதும் வருவாய் சுருங்குகிறது, ஊதியமோ அதே வேகத்தில் சுருங்குவதில்லை. இதைத் தணிக்கவே 'பாரசூட்' கொடுப்பனவு வழங்கப்படுகிறது. 2016-17இல் அமலுக்கு வந்த முறைப்படி, கழகங்களிடையே சமமாகப் பிரிக்கப்படும் தொலைக்காட்சிப் பங்கில் 55 சதவீதம் முதலாண்டிலும், 45 சதவீதம் இரண்டாம் ஆண்டிலும் கிடைக்கும். சாம்பியன்ஷிப்பில் நெடுங்காலமாக ஆடிவரும் கழகங்கள் இதனை அநீதி என்று குறைகூறுவதில் நியாயம் இல்லாமல் இல்லை.

கடனை நம்பியவர்களின் நிலை இன்னும் மோசம். 2001இல் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் ஆடிய லீட்ஸ், 2004இல் தரமிறங்கி, 2007இல் மூன்றாம் நிலைக்கும் சரிந்தது. அது பிரிமியர் லீக்குக்குத் திரும்பியது 2020இல்தான்.

இந்த அச்சத்திலிருந்து நிரந்தரமாக விடுபடும் முயற்சியும் நடந்தது. 2021 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட ஐரோப்பிய சூப்பர் லீக் திட்டத்தில் நிறுவன உறுப்பினர்களுக்குத் தரமிறக்கமே கிடையாது. ஆர்சனல், செல்சி, டாட்டன்ஹாம் ஆகிய மூன்று லண்டன் கழகங்கள் உட்பட ஆறு ஆங்கிலக் கழகங்கள் அதில் சேர்ந்தன. செல்சியின் ஸ்டாம்ஃபோர்டு பிரிட்ஜ் மைதானத்துக்கு வெளியே அக்கழக ரசிகர்களே திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். சில நாட்களுக்குள் ஆறும் விலகிக்கொண்டன. அத்தகைய போட்டிகளில் கழகங்கள் சேர்வதைத் தடுக்கும் அதிகாரம் கொண்ட சுயாதீனக் கண்காணிப்பு அமைப்புக்கு 2025இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது.