குடை பிடித்த பிக்கு

1970 டிசம்பரில், பெய்ஜிங்கில் மாவோ தம் பழைய நண்பரான அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஸ்நோவுடன் நெடுநேரம் பேசினார். எழுதி வைத்த உரை அல்ல. பேச்சுவாக்கில் தன்னைக் ‘குடை பிடித்த பிக்கு’ என்று சொல்லிக்கொண்டார். மறு ஆண்டு ‘லைஃப்’ இதழில் ஸ்நோ எழுதியபோது, அது ஓட்டைக் குடையோடு உலகில் தனியே நடக்கும் துறவியாக மாறியிருந்தது. மாவோ சொன்னதில் தனிமையும் இல்லை, ஓட்டையும் இல்லை.

பாதியைச் சொல்லி மீதியைக் கேட்பவரிடம் விட்டுவிடும் சீனச் சொலவடை அது. பிக்குவுக்குத் தலையில் முடி இல்லை. குடை மறைப்பதால் மேலே வானமும் இல்லை. சீனத்தில் முடிக்கும் சட்டத்துக்கும் உள்ள சொற்கள் காதில் ஏறக்குறைய ஒன்றாகவே விழும். ஆக, ‘எந்தச் சட்டத்துக்கும் எந்த வானத்துக்கும் நான் கட்டுப்பட்டவன் அல்ல’ என்கிறார் மாவோ. இங்கே பிக்குவையும் குடையையும் விட்டுவிட்டு, சொல்லாமல் விட்டதைத்தான் மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். அதையும் அடுத்த வாக்கியம் வருவதற்குள்.

2010 மார்ச்சில், சீனப் பிரதமர் வென் ஜியாபாவின் பத்திரிகையாளர் சந்திப்பில் மொழிபெயர்ப்பாளர் ஜாங் லு இதைச் செய்து காட்டினார். ஹுவாஷான் மலை எவ்வளவு உயரமானாலும் உச்சிக்கு வழி உண்டு என்றார் வென். ஜாங் லுவின் ஆங்கிலத்தில் மலை இருந்தது, பெயர் இல்லை. அந்தப் பெயர் வெளிநாட்டு நிருபருக்கு எதையும் நினைவூட்டாது. கவிஞர் சூ யுவானின் பழம்பாடலிலிருந்து வென் எடுத்தாண்ட ஒன்பது மரணங்கள் ஆங்கிலத்தில் ஆயிரமாயின. சீனத்தில் ஒன்பது என்றால் கணக்கற்றது. அந்த ஆயிரத்தை நான் பிழை என்று சொல்லமாட்டேன். அதுதான் சரியான பெயர்ப்பு.

வாக்கிய அமைப்பு வேறொரு சிக்கல். ‘நான் நேற்று ஷாங்காயில் சந்தித்த விவசாயி’ என்று தமிழைப் போலவே சீனமும் அடைமொழிகளை முன்னால் அடுக்கும். ஆங்கிலத்தில் விவசாயி முதலில் வந்தாகவேண்டும். பேச்சோடு பேச்சாகப் பெயர்ப்பவர் விவசாயி வரும்வரை காத்திருந்தால் முன்னால் வந்ததெல்லாம் நினைவில் குவிந்துவிடும். அதனால் வெட்டிவிடுகிறார்கள்: நேற்று ஷாங்காய் போனேன், அங்கே ஒருவரைப் பார்த்தேன், அவர் விவசாயி.

எண்கள் இன்னும் கடினம். ‘வான்’ என்றால் 10,000. ‘யி’ என்றால் 10 கோடி. 14 யி என்று கேட்டதும் 1.4 பில்லியன் என்று வாயில் வரவேண்டும். லட்சத்தை மில்லியனாக்கித் தடுமாறிய நமக்கு அந்த அவசரம் புரியும். குறிப்பேட்டில் நான்கு நான்கு இலக்கமாக எழுதி, மூன்று மூன்றாகக் காற்புள்ளி இட்டு வாசிப்பது இதற்கு ஒரு வழி.

அதே குறிப்பேட்டில் சொற்களைவிட ‘ஆனால்’, ‘ஆகவே’ போன்ற இணைப்புகளுக்கே முதலிடம் தரவேண்டும். சீனப் பேச்சு அவற்றை அடிக்கடி விழுங்கிவிடும். ஆங்கிலத்தில் அவை இல்லாமல் வாதம் நிற்காது.

1993 முதல் ஆண்டுதோறும் நடந்துவந்த பிரதமரின் அந்தப் பத்திரிகையாளர் சந்திப்பை 2024இல் சீன அரசு நிறுத்திவிட்டது. இந்தக் கலையை உலகமே நேரில் பார்க்கக் கிடைத்த மேடை அது. அது போனதில் எனக்கு உண்மையாகவே வருத்தம்.