வழக்காட வந்தவர்கள் – 7: எல்லோர் பணம், யார் வழக்கு?

பிரசவத்தில் தாய்மார்களும் பச்சைக் குழந்தைகளும் இறப்பதைக் குறைக்க, 1921-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. சேர விரும்பும் மாநிலங்களுக்கு மத்திய அரசு நிதி கொடுக்கும்.

நல்ல காரியம்தானே? ஹாரியட் ஃப்ரோதிங்ஹாம் என்ற பெண்மணி ஒப்புக்கொள்ளவில்லை. தாய்சேய் நலம் மாநிலங்களின் வேலை. மத்திய அரசுக்கு இல்லாத அதிகாரத்துக்கு என் வரிப்பணம் போவது என் சொத்தைப் பறிப்பதாகும் என்று நிதியமைச்சர் ஆண்ட்ரூ மெலன் மீது வழக்குப் போட்டார்.

1923-ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளுபடி செய்தது. சட்டம் செல்லுமா என்ற கேள்விக்கே நீதிபதிகள் போகவில்லை. கஜானாப் பணத்தில் லட்சோபலட்சம் பேருக்குப் பங்குண்டு. அதில் ஒருவரது பங்கு கணக்கிட முடியாத அளவுக்குச் சிறியது. இவரை அனுமதித்தால் வரி கட்டும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு செலவுக்கும் வழக்குப் போடலாம் என்றார் நீதிபதி சதர்லேண்ட். வழக்காட வருபவருக்கு நேரடிப் பாதிப்பு இருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் உள்ள பாதிப்பு போதாது. ஆனால், நகராட்சிக்கு வரி கட்டுபவர் அதன் வீண்செலவைத் தடுக்க வழக்குப் போடலாம் என்ற பழைய வழக்கத்தில் அவர் கைவைக்கவில்லை. கம்பெனியில் பங்குதாரருக்கு உள்ளது போன்ற நெருக்கமான உறவு அது என்றார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பாதிப்பு எவ்வளவு பரவலோ, கேட்கும் உரிமை அவ்வளவு தேய்கிறது. 1968-ல் ஃப்ளாஸ்ட் வழக்கில் தலைமை நீதிபதி வாரன் கொஞ்சம் வழிவிட்டார். மதப் பள்ளிகளுக்கு அரசுப் பணம் போவதை எதிர்த்த வழக்கு அது. நாடாளுமன்றமே ஒதுக்கிய செலவாக இருந்து, அது அரசியல் சட்டம் குறிப்பாக விதித்த தடையை மீறினால், வரி கட்டுபவர் வரலாம். மதத்துக்கு அரசு ஆதரவளிக்கக் கூடாது என்பது அப்படியொரு தடை. 2007-ல் ஹெய்ன் வழக்கு அந்த வழியையும் குறுக்கியது. நிர்வாகம் தன் பொது நிதியிலிருந்து செய்த செலவைக் கேட்க முடியாது என 5 – 4 என்ற கணக்கில் தீர்ப்பானது.

இந்தியாவில் கதை வேறு. 2006-ல் தி.மு.க. வாக்களித்த வண்ணத் தொலைக்காட்சியையும், 2011-ல் அ.தி.மு.க. வாக்களித்த மிக்சி, கிரைண்டர், மின்விசிறியையும் எதிர்த்து சுப்பிரமணியம் பாலாஜி வழக்காடினார். உச்ச நீதிமன்றம் முழுதாகக் கேட்டது. 2013-ல் அவர் தோற்றார். சட்டமன்றம் ஒப்புதல் தந்த நலத்திட்டச் செலவில் தலையிட முடியாது என்றது தீர்ப்பு. ஆனால், தேர்தல் அறிக்கைகளுக்கு நெறிமுறை வகுக்கும்படி தேர்தல் ஆணையத்துக்கு உத்தரவிட்டது.

ஃப்ரோதிங்ஹாமும் தோற்றார், பாலாஜியும் தோற்றார். அவருக்குப் பதிலே கிடைக்கவில்லை; இவருக்குக் காரணங்களோடு ஒரு பதில் கிடைத்தது. எழுத்தில் பதில் இருப்பதால்தான் அது சரியா என்று கேட்க முடிகிறது. 2022-ல் அந்தத் தீர்ப்பையே மறுபரிசீலனை செய்ய மூன்று நீதிபதிகள் அமர்வுக்கு அனுப்பியது உச்ச நீதிமன்றம்.

இங்கே இவ்வளவு தாராளம் எப்படி வந்தது? 1981-ல் எஸ்.பி. குப்தா வழக்கில் நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)