ஒரு தலைக்குப் பல கைகள்

சிராங்கூன் சாலையில் யாருக்காவது தலையில் கட்டி என்று தெரியவந்தால் போதும், அன்று மாலைக்குள் மூன்று பேர் மூன்று டாக்டர்களின் பெயரைச் சொல்லிவிடுவார்கள். ஒருவர் சொல்லும் டாக்டர் சென்னையில் இருப்பார், இன்னொருவர் சொல்பவர் வேலூரில், மூன்றாமவர் சொல்பவர் இங்கேயே நொவீனாவில். மூவரும் சொல்லும் காரணம் மட்டும் ஒன்றுதான்: "ரொம்பக் கைராசிக்காரர்." கத்தி பிடிக்கும் கை முக்கியம்தான், யார் மறுத்தது? ஆனால் மூளைக் கட்டிக்கும் முதுகுத்தண்டுக் கட்டிக்கும் சிகிச்சை வளர்ந்த கதையைப் புரட்டிப் பார்த்தால், கைராசியைவிட அதிகம் வேலை செய்தது அந்த டாக்டர்கள் சங்கம் வைத்துக் கூடிப் பேசியதுதான் என்று தெரியும்.

இந்தக் கதைக்கும் சிராங்கூனுக்கும் பழைய உறவு உண்டு. டான் டோக் செங் என்ற வணிகர் கொடுத்த நன்கொடையில், 1844இல் பேர்ல்ஸ் ஹில்லில் ஏழைகளுக்கான மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1860களின் தொடக்கத்தில் அது சிராங்கூன் சாலையும் பாலஸ்டியர் சாலையும் சந்திக்கும் தாழ்வான நிலத்துக்குக் குடிவந்தது. 1909இல் மோல்மீன் சாலைக்கு மாறியது. பிறகு நெடுங்காலம் காசநோய் என்றாலே சிங்கப்பூரில் அந்த மருத்துவமனையின் பெயர்தான் வாயில் வரும். 1970களில் மூளை, நரம்பு அறுவை சிகிச்சை அங்கே வேரூன்றியது. 1999இல் அதே வளாகத்தில் தேசிய நரம்பியல் கழகம் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1980களில், டான் டோக் செங் மருத்துவமனையின் மூளை அறுவை சிகிச்சைத் துறைக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர் கோபால் பரதம். ஆங்கிலத்தில் கதையும் நாவலும் எழுதி 1991இல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது வாங்கியவர் இவரேதான். லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையில் குழந்தைகளின் மூளைக் கட்டிக்குச் சிகிச்சை நடக்கிறது. ரத்தப் புற்றுநோயை விட்டுவிட்டுப் பார்த்தால், குழந்தைகளுக்கு வரும் கட்டிகளில் மூளைக் கட்டியே முதலிடம் பிடிக்கிறது.

மூளைக் கட்டி என்பது ஒரே நோய் அல்ல. நுரையீரலிலோ மார்பகத்திலோ தொடங்கிய புற்றுநோய் ரத்தத்தோடு பயணம் செய்து மூளையில் தங்குவது ஒரு வகை. பெரியவர்களிடம் அதிகம் காணப்படுவது இதுதான். மூளையைச் சுற்றியுள்ள உறையிலிருந்து முளைக்கும் மெனிஞ்சியோமா இன்னொரு வகை. இதில் பெரும்பாலானவை சாதுவானவை, மெதுவாக வளரும், சிலவற்றை ஆண்டுக்கொரு ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தாலே போதும். மூளையின் துணைத் திசுவிலிருந்து கிளம்பும் கிளையோமாதான் தொல்லை பிடித்தது. அதிலும் கிளையோபிளாஸ்டோமா மிகக் கொடியது. அதற்கு வேலி கிடையாது. அரைத்த மாவில் கரைந்த உப்பைப்போல அதன் செல்கள் நல்ல மூளைக்குள் வெகுதூரம் கலந்துவிடுகின்றன.

இதை அமெரிக்க மூளை அறுவை நிபுணர் வால்டர் டாண்டி 1920களில் நேரிலேயே பார்த்தார். கட்டியை மட்டும் எடுத்தால் திரும்ப வருகிறது என்று, மூளையின் வலது பாதி முழுவதையுமே வெட்டி எடுத்துப் பார்த்தார். கட்டி மறுபாதியில் தலைகாட்டியது. அவரைவிடத் துணிச்சலான கை அந்தக் காலத்தில் இருந்ததா என்பதே சந்தேகம். அந்தக் கையாலும் முடியவில்லை.

அப்படியானால் எது உதவியது? முதலில், பெயர் வைப்பது. அதே காலத்து அமெரிக்க டாக்டர்களான ஹார்வி குஷிங்கும் பெர்சிவல் பெய்லியும் சேர்ந்து, எடுத்த கட்டிகளையெல்லாம் நுண்ணோக்கியில் பார்த்து, எந்தத் தோற்றமுள்ள கட்டிக்காரர் எவ்வளவு காலம் வாழ்ந்தார் என்று ஒப்பிட்டு, 1926இல் கிளையோமாக்களை வகைபிரித்தார்கள். இரண்டு ஊர் டாக்டர்கள் ஒரே கட்டியை ஒரே பெயரால் அழைத்தால்தான் யார் சிகிச்சை பலித்தது என்று பேசவே முடியும். 1931இல் குஷிங்கின் பெயரிலேயே ஒரு சங்கம் தொடங்கியது. அமெரிக்க நரம்பு அறுவை நிபுணர் சங்கம் என்று இன்று அழைக்கப்படுவது அதுதான். 1984இல் அது, காங்கிரஸ் ஆஃப் நியூராலஜிகல் சர்ஜன்ஸ் என்ற இன்னோர் அமைப்போடு சேர்ந்து, கட்டிகளுக்கென்றே ஒரு பிரிவை உருவாக்கியது. இத்தகைய பிரிவுகளின் வேலை வெளியே தெரியாது: சிகிச்சை வழிகாட்டிகளை எழுதுவது, இளம் டாக்டர்களுக்குப் பயிற்சி, ஆய்வுக்கு உதவித்தொகை, ஆண்டுக்கொரு கூட்டம். கூட்டத்தில் வெற்றிகளை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் புண்ணியமில்லை. தோற்ற அறுவையைப் பற்றி மேடையேறிச் சொல்லும் டாக்டரால்தான் அடுத்த ஊர் நோயாளி பிழைக்கிறார்.

நம் பக்கத்துக் கதை இன்னும் சுவையானது. இந்தியாவின் முதல் மூளை அறுவைத் துறையை 1949இல் வேலூர் சிஎம்சியில் தொடங்கியவர் ஜேக்கப் சாண்டி. கனடாவின் மான்ட்ரியலில் மூளை அறுவை நிபுணர் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்றவர். அடுத்த ஆண்டே சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். சீர்காழியில் பிறந்து இங்கிலாந்தின் நியூகாசிலில் பயின்று திரும்பியவர். இவர்கள் இருவரும், எஸ்.டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோரும் சேர்ந்து 1951இல் இந்திய நரம்பியல் சங்கத்தை நிறுவினார்கள். நால்வரில் இருவர் மட்டுமே கத்தி பிடித்தவர்கள், மற்ற இருவர் நரம்பியல் டாக்டர்கள். நாட்டில் இந்தத் துறை டாக்டர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற காலத்தில் சங்கம் எதற்கு என்று தோன்றலாம். அன்றைய இந்தியாவில் மூளைக்குள் கட்டி என்று திறந்தவற்றில் கணிசமானவை காசநோய்க் கட்டிகளாக இருந்தன. மேல்நாட்டுப் பாடநூல் அதைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. நம் ஊர் நோய்க்கு நம் ஊர் டாக்டர்கள்தான் தங்கள் அனுபவங்களைச் சேர்த்து வைத்துப் பாடம் எழுத வேண்டியிருந்தது.

இனி அறுவைக் கூடத்துக்குள் போவோம். மயக்கம் கொடுத்த பின் மூன்று கூர்முனைகள் கொண்ட ஒரு பிடியில் தலையை அசையாமல் பொருத்துகிறார்கள். பிடியோடு சிறிய உருண்டைகள் பதித்த ஒரு சட்டம் இருக்கும். மேலே உள்ள அகச்சிவப்புக் கேமரா அந்த உருண்டைகளைப் பார்த்து, டாக்டரின் கையிலுள்ள கருவியின் நுனி எம்ஆர்ஐ படத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று திரையில் காட்டும். காரில் வழிகாட்டும் ஜிபிஎஸ் மாதிரி என்று விளம்பரங்கள் சொல்வதுண்டு, அதில் ஓரளவுதான் உண்மை. மண்டையோட்டைத் திறந்து டியூரா என்ற உறையை வெட்டியதும் உள்ளேயிருக்கும் நீர் வழிந்து மூளை சற்றே தாழ்ந்துவிடும். திரையிலுள்ள படமோ முன்பு எடுத்தது. அதனால்தான் அனுபவசாலிகள் திரையை நம்பியும் நம்பாமலும் வேலை செய்கிறார்கள். நடுவில் அல்ட்ராசவுண்ட் வைத்தோ, வசதியிருந்தால் கூடத்திலேயே எம்ஆர்ஐ எடுத்தோ சரிபார்த்துக்கொள்கிறார்கள்.

கட்டி எது, மூளை எது என்று கண்ணுக்குத் தெரியாதபோது ஒரு பானம் கைகொடுக்கிறது. 5-ஏஎல்ஏ என்பது அதன் பெயர். அறுவைக்குச் சில மணி நேரம் முன்பு நோயாளி குடித்துவிட வேண்டும். கொடிய கிளையோமா செல்கள் அதை வாங்கி ஒளிரும் பொருளாக மாற்றிக்கொள்கின்றன. கூடத்தின் விளக்கை அணைத்து நுண்ணோக்கியில் நீல ஒளியைப் போட்டால், மூளை நீலமாகவும் கட்டி இளஞ்சிவப்பாகவும் தெரியும். ஜெர்மனியில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2006இல் வந்தது. சாதாரண ஒளியில் செய்தபோது 36 விழுக்காட்டினருக்குத்தான் ஸ்கேனில் தெரிந்த கட்டி முழுவதும் எடுக்கப்பட்டிருந்தது. நீல ஒளியில் அது 65 விழுக்காடு.

பேச்சுக்குரிய பகுதிக்கு அருகில் கட்டி இருந்தால் நோயாளியை நடுவில் எழுப்பிவிடுகிறார்கள். கேட்பவருக்குத்தான் குலை நடுங்கும், மூளைத் திசுவுக்கு வலி உணர்வே கிடையாது. தலைத்தோலை மரத்துப்போகச் செய்துவிட்டால் போதும். எதிரே ஒருவர் படம் காட்டுவார்: குடை, கத்தரிக்கோல், யானை. நோயாளி பெயர் சொல்லிக்கொண்டே வருவார். டாக்டர் மின்முனையால் ஓர் இடத்தைத் தொட்டதும் யானையைப் பார்த்தபடி வாயடைத்து நிற்பார். அந்த இடத்தில் சிறு காகித எண்ணை ஒட்டிவைத்து, கத்தி அங்கே போகாமல் பார்த்துக்கொள்கிறார்கள். பென்ஃபீல்ட் வளர்த்தெடுத்த முறை இது. இரண்டு மொழி பேசுபவர்களின் மூளையில் இரண்டுக்கும் பொதுவான இடங்களும் தனித்தனி இடங்களும் உண்டு. வீட்டில் தமிழ், வேலையில் ஆங்கிலம் என்று வாழ்பவருக்கு ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் பாதி வேலைதான் முடிந்தது. வீட்டில் எந்த மொழியில் பேசுகிறீர்கள் என்று டாக்டர் கேட்டால், கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

இத்தனை செய்தும் கிளையோபிளாஸ்டோமாவுக்கு அறுவை மட்டும் போதாது. கதிர்வீச்சோடு டெமோசோலமைட் மாத்திரையைச் சேர்த்தால் பலனுண்டா என்று பார்க்க 15 நாடுகளின் 85 மருத்துவமனைகள் சேர்ந்து 573 நோயாளிகளைப் பின்தொடர்ந்தன. 2005இல் விடை வந்தது: இடைநிலை (மீடியன்) ஆயுள் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாக உயர்ந்தது. இரண்டரை மாதம்தானா என்று சலித்துக்கொள்ள வேண்டாம். இரண்டு ஆண்டு தாண்டி வாழ்ந்தவர்கள் 10 விழுக்காட்டிலிருந்து 26 விழுக்காட்டுக்கு மேல் போனார்கள். எந்தக் கைராசி டாக்டரும் தனியாகத் தன் நோயாளிகளை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்திருக்க முடியாது. சிங்கப்பூர் போன்ற சிறிய நாட்டுக்கு இது இன்னும் பொருந்தும். அரிய கட்டி ஒன்று ஒரு டாக்டரின் வாழ்நாளில் சில முறைதான் கண்ணில் படும்.

முதுகுத்தண்டிலும் அப்படித்தான். புற்றுநோய் பரவி தண்டுவடத்தை நெருக்கும்போது, கதிர்வீச்சு மட்டும் போதும் என்பதே நெடுநாள் வழக்கம். 101 பேரைக் கொண்டு நடந்த ஒரு சோதனை 2005இல் அதை மாற்றியது. முதலில் அறுவை, பிறகு கதிர்வீச்சு என்று பெற்றவர்களில் 84 விழுக்காட்டினரால் நடக்க முடிந்தது. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 57 விழுக்காடு. நேரத்தோடு வந்தவர்களுக்குத்தான் இந்தப் பலன். மூட்டை தூக்கினோம், கட்டுமான இடத்தில் குனிந்து வேலை செய்தோம், அதனால் முதுகுவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் நம்மில் ஏராளம். பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும். ஆனால் படுத்தாலும் அடங்காமல் இரவில் எழுப்பும் வலி, கால் தளர்ச்சி, சிறுநீர் அடைத்துக்கொள்வது ஆகியவை வந்தால் தைலத்தை வைத்துவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காலையில் வாந்தியோடு வரும் புதுத் தலைவலி வாரக்கணக்கில் கூடிக்கொண்டே போனால், பலதுறை மருந்தகத்தில் காட்டித் தாமதமின்றிப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள். இதுவரை வராத வலிப்பு வந்தால் 995க்கு அழையுங்கள்.

நோய் உறுதியான பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "என் ஸ்கேனைக் கட்டிக் குழுக் கூட்டத்தில் வைத்தீர்களா?" அறுவை நிபுணர், கதிர்வீச்சு நிபுணர், புற்றுநோய் மருந்து நிபுணர், திசுவைப் பார்க்கும் நோயியல் நிபுணர், ஸ்கேன் படிப்பவர் எல்லாரும் ஒரே அறையில் உட்கார்ந்து ஒவ்வொரு நோயாளியின் படத்தையும் திரையில் போட்டு விவாதிக்கும் கூட்டம் அது. அங்கே சில சமயம் அறுவையே வேண்டாம் என்றும் முடிவாகும். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாடு கட்டியின் மரபணுவையும் பார்க்கச் சொல்கிறது. ஐடிஹெச் என்ற மரபணு மாறியிருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து, நுண்ணோக்கியில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு கட்டிகள் இன்று இரண்டு வெவ்வேறு நோய்கள்.

சென்னைக்கோ வேலூருக்கோ போய் இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்க நினைத்தால் தாராளமாகக் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். போகும்போது தாளில் அச்சிட்ட அறிக்கையை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். ஸ்கேன் அடங்கிய வட்டையும், எடுத்த திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியையும் கண்ணாடிச் சில்லுகளையும் மருத்துவமனையில் எழுதிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவை இல்லாமல் அங்கே இருப்பவரால் மரபணுச் சோதனை எதையும் மறுபடி செய்து பார்க்க முடியாது.