டயாலிசிஸ் நோயாளியும் கை நரம்பும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், ராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ள சேத்தூர், உழவை நம்பி வாழும் ஊர். கண்மாயில் நீர் நிரம்பியிருந்தால் மட்டும் பயிர் விளைந்துவிடாது. மடை சீராக இருந்து, வாய்க்கால் தூர்ந்து போகாமல் இருந்தால்தான் அந்நீர் வயலை வந்தடையும் என்பதை இவ்வூர் விவசாயிகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளியின் நிலையும் இதை ஒத்ததேயாகும். இயந்திரம் இருக்கலாம், டாக்டர் இருக்கலாம், அரசின் உதவியும் இருக்கலாம். ஆனால் நோயாளியின் இரத்தம் இயந்திரத்திற்குச் சென்று திரும்புவதற்குத் தக்க வழி அவருடைய உடலில் இல்லாவிடில், இவையனைத்தும் முழுப் பயன் தாரா. அந்த வழியை எவ்வாறு அமைப்பது, எப்போது அமைப்பது, எவ்வாறு காப்பது என்பவற்றைப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் நலம்.

டயாலிசிஸ் என்பது யாது?

நமது இடுப்புக்குச் சற்று மேலே, முதுகுப் புறமாக இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. இரத்தத்திலுள்ள கழிவுகளையும் மிகுதியான நீரையும் உப்பையும் பிரித்து வெளியேற்றுவது இவற்றின் வேலை. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் பல ஆண்டுகள் கவனிக்கப்படாமல் இருந்தால், இவை சிறிது சிறிதாகப் பழுதடைகின்றன. வேலைத்திறன் மிகவும் குறைந்தபின், இரத்தத்தை உடலுக்கு வெளியே கொண்டுவந்து, செயற்கை வடிகட்டியின் வழியே செலுத்திச் சுத்தம் செய்து, மீண்டும் உடலுக்குள் விடுகின்றனர். இதுவே இரத்த டயாலிசிஸ்.

பொதுவாக வாரத்திற்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 4 மணி நேரம் இதனைச் செய்ய வேண்டும். நிமிடத்திற்கு 300 மில்லி லிட்டர் வீதம் இரத்தம் சென்றால், 4 மணி நேரத்தில் 72 லிட்டர் வடிகட்டியைக் கடக்கிறது. மனித உடலில் உள்ள இரத்தமோ ஏறக்குறைய 5 லிட்டர்தான். எனவே, அதே இரத்தம் பதினான்கு தடவை சென்று திரும்புகிறது எனலாம். ஒவ்வொரு முறையும் இரத்தம் வெளிவர ஓர் ஊசியும், திரும்பிச் செல்ல ஓர் ஊசியும் தேவை. ஆண்டிற்கு 156 முறை டயாலிசிஸ் என்றால் 312 ஊசிக் குத்துகள்! இவ்வளவையும் தாங்கும் இரத்தக் குழாய் எங்கே இருக்கிறது?

இயற்கையில் இல்லாத வழி

நாம் வழக்கத்தில் ‘நரம்பு’ என்று சொல்லும், தோலுக்கடியில் நீல நிறமாகத் தெரியும் குழாய்கள் உண்மையில் சிரைகள். இவை கடைமடை வாய்க்கால் போன்றவை. இரத்தம் மெதுவாகவே ஓடும். நிமிடத்திற்கு 300 மில்லி லிட்டர் எடுக்க முயன்றால் சுருங்கிவிடும். நாடி துடிக்கும் தமனிகளோ வேகமாகப் பாயும் ஆற்றைப் போன்றவை. ஆனால் அவை ஆழத்தில் உள்ளன. அவற்றை அடிக்கடி குத்துவது ஆபத்து.

நெடுங்காலமாக மருத்துவ உலகிற்கு இதுவே பெருந்தடையாக இருந்தது. 1943-இல் நெதர்லாந்து நாட்டில் டாக்டர் கோல்ப் என்பவர் செயற்கைச் சிறுநீரக இயந்திரத்தை அமைத்தார். எனினும், ஒவ்வொரு முறையும் ஓர் இரத்தக் குழாயைக் கீறித் திறக்க வேண்டியிருந்தமையால், சில தடவைகளுக்குப் பின் வேறு இடம் கிடைக்கவில்லை. 1960-இல் அமெரிக்காவில் சியாட்டில் நகரில் டாக்டர் ஸ்கிரிப்னர், தமனியிலும் சிரையிலும் டெப்லான் குழாய்களைப் பொருத்தி, அவற்றை உடலுக்கு வெளியே இணைத்து வைத்தார். அவரிடம் முதலில் சிகிச்சை பெற்ற நோயாளி அதன் பின்னர்ப் பத்து ஆண்டுகளுக்கு மேல் உயிர் வாழ்ந்தார். ஆயினும் அக்குழாய்களில் சீழ் பிடிப்பதும் இரத்தம் உறைவதும் தொல்லையாகவே இருந்தன. 1966-இல் நியூயார்க்கைச் சேர்ந்த பிரெசியா, சிமினோ ஆகிய டாக்டர்களும், ஆப்பெல் என்ற அறுவை மருத்துவரும் தம் குழுவினருடன் எளிய வழியொன்றை வெளியிட்டனர். அதுவே ‘பிஸ்டுலா’. அறுபது ஆண்டுகள் ஆகியும் பெரும்பாலான நோயாளிகளுக்கு ஏற்ற வழியாக அதுவே மதிக்கப்படுகிறது.

பிஸ்டுலா

மணிக்கட்டிலோ முழங்கை மடிப்பிலோ ஒரு சிரையைப் பக்கத்துத் தமனியுடன் சேர்த்துத் தைப்பதே பிஸ்டுலா. பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து இதனைச் செய்கின்றனர். ஆற்று நீரைச் சிறு வாய்க்காலில் திருப்பிவிட்டால் வாய்க்கால் நாளடைவில் அகன்றுவிடுவது போல, தமனியின் வேகத்தால் சிரை பருத்து, அதன் சுவரும் தடிப்பாகிறது. பின்னர் ஊசி குத்துவது எளிது. அந்நியப் பொருள் எதுவும் உடலில் இல்லாமையால் சீழ் பிடிக்கும் அச்சம் குறைவு. பல ஆண்டுகள் உழைக்கும்.

ஆனால், நட்ட அன்றே அறுவடை செய்ய இயலாது. பிஸ்டுலா பக்குவமடைய 6 முதல் 8 வாரங்கள், சிலருக்கு 3 மாதங்கள் கூட ஆகும். சிலருக்குப் பக்குவமடையாமலே போவதும் உண்டு. அப்போது வேறு இடத்தில் மீண்டும் செய்ய நேரிடும். ஆகவே, சிறுநீரகத்தின் வேலைத்திறன் 20 சதவிகிதத்தை நெருங்கும்போதே இது குறித்து டாக்டரைக் கலந்துகொள்வது அவசியம்.

மற்ற வழிகள்

சிரைகள் மெலிந்து பிஸ்டுலாவுக்கு உதவாதவர்களுக்கு, தமனிக்கும் சிரைக்கும் இடையே செயற்கைக் குழாய் ஒன்றைத் தோலுக்கடியில் பொருத்துவர். இதற்குக் ‘கிராப்ட்’ என்று பெயர். இரண்டு மூன்று வாரங்களில் பயன்படுத்தலாம். ஆனால் பிஸ்டுலாவைவிட இதில் இரத்த உறைவும் சீழும் மிகுதி.

மூன்றாவது, கழுத்துச் சிரையின் வழியே செலுத்தப்படும் ‘கதீட்டர்’ என்னும் குழாய். அன்றே பயன்படும் என்பது இதன் சிறப்பு; அவசர வேளையில் உயிர் காப்பது இதுவே. எனினும், உடலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் கிருமிகள் இரத்தத்தில் நுழைய இது வாயிலாகிறது. கதீட்டர் உள்ளவருக்குக் குளிர் காய்ச்சல் கண்டால் ஒரு நாளும் தாமதியாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குழாயை நனைத்துக் குளிப்பதும், கண்மாயில் இறங்குவதும் கூடா. மூச்சுத் திணறலுடன் கடைசி நேரத்தில் வந்து சேர்பவர்க்குக் கதீட்டரைத் தவிர வேறு வழியில்லை. முன்கூட்டியே வருபவர்க்கோ பிஸ்டுலா கிடைக்கும். பல குடும்பங்களில் நோயாளியின் ஆயுளை இவ்வேறுபாடே நிர்ணயிக்கிறது.

இரத்தக் குழாயே தேவைப்படாத முறையும் ஒன்றுண்டு. வயிற்றறைக்குள் திரவத்தை விட்டு, சில மணி நேரம் கழித்து வெளியேற்றி, வீட்டிலேயே டயாலிசிஸ் செய்யலாம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இதற்கான திரவப் பைகளை வழங்குவதும் சேர்க்கப்பட்டது. தகுதியுள்ளோர்க்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்துவது மேலும் நல்லது. 1971-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில்தான் நம் நாட்டில் முதன்முதலாக இச்சிகிச்சை வெற்றி கண்டது.

கையைக் காப்பது எப்படி?

சிறுநீரகம் பழுதடைந்துள்ளது என்று தெரிந்த நாள் முதலே கைச் சிரைகளைக் காக்க வேண்டும். அசதி என்றால் ‘குளுக்கோஸ்’ ஏற்றிக்கொள்வது நம் கிராமங்களில் வழக்கமாகிவிட்டது. சிறுநீரக நோயாளிக்கு இதனால் நீர் கோத்துக்கொள்வதோடு, பிஸ்டுலாவுக்கு வேண்டிய சிரைகளும் கெடுகின்றன. இரத்தம் எடுக்கவோ ஊசி போடவோ நேர்ந்தால், புறங்கையில் எடுக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். வலக்கைப் பழக்கமுள்ளவர் இடக்கையை முற்றிலும் ஒதுக்கி வைப்பது நன்று.

பிஸ்டுலா செய்தபின் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. காலையும் மாலையும் அவ்விடத்தில் விரல் வைத்துப் பார்க்கவும். பூனை உறுமுவது போன்ற அதிர்வு தெரிய வேண்டும். அதிர்வு நின்றுவிட்டால் மறுநாள் வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்.

2. அக்கையில் இரத்த அழுத்தம் பார்க்கவும், ஊசி போடவும், இரத்தம் எடுக்கவும் விடலாகாது.

3. இறுக்கமான வளையல், கைக்கடிகாரம், காப்பு, மந்திரித்த கயிறு ஆகியவற்றை அக்கையில் அணியலாகாது. அக்கையைத் தலைக்கு அணையாக வைத்து உறங்குவதும் தவறு.

4. மூட்டை, நீர்க்குடம் போன்ற பெருஞ்சுமைகளை அக்கையால் தூக்கலாகாது. டாக்டர் அனுமதித்தபின் ரப்பர்ப் பந்தை அழுத்திப் பழகலாம்.

5. ஒவ்வொரு டயாலிசிஸுக்கும் முன் கையைச் சோப்பிட்டுக் கழுவவும்.

6. இரத்தம் பீறிட்டால் அந்த இடத்தையே சுத்தமான துணியால் விரல் கொண்டு அழுத்தி, கையை உயர்த்திப் பிடித்து, 108-ஐ அழைக்கவும். சுண்ணாம்பு, மஞ்சள் தூள், காப்பித் தூள் அப்பலாகாது.

பஞ்சாயத்து செய்யத்தக்கவை

விருதுநகர் மாவட்டத்தார்க்கு 2022 ஜனவரியில் தொடங்கிய விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியும், மதுரை அரசு இராசாசி மருத்துவமனையும், திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் அடங்கும். வறியோர்க்குக் கட்டணமின்றி டயாலிசிஸ் அளிப்பதற்கென மத்திய அரசின் தேசிய டயாலிசிஸ் திட்டமும் 2016-இல் தோன்றியது. ஆனால், காப்பீட்டு அட்டை எடுக்காத குடும்பத்திற்குக் காப்பீட்டுத் திட்டத்தின் பயன் எட்டாக்கனியே. ஆதலின், அட்டையில்லாத குடும்பங்களைக் கண்டறிந்து பதிவு செய்விப்பது பஞ்சாயத்து உறுப்பினர்களின் முதற்பணியாகட்டும்.

நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உள்ளோர் ஆண்டிற்கு ஒரு முறையேனும் சிறுநீரையும் இரத்தத்தில் கிரியாட்டினின் அளவையும் சோதித்துக்கொள்ளுமாறு, கிராமச் செவிலியரின் துணையுடன் ஏற்பாடு செய்யலாம். நோய் கண்டவரிடம், “பிஸ்டுலா பற்றி டாக்டரைக் கேட்டீர்களா?” என்று ஒரு வார்த்தை விசாரிக்கலாம். பயந்து தள்ளிப்போடும் குடும்பத்தாருக்குத் தைரியம் சொல்லலாம். வாரந்தோறும் நகரத்திற்குச் சென்று களைத்துத் திரும்புபவரின் வயல் வேலையில் அண்டை வீட்டார் கைகொடுக்கலாம்.

மழை வருமுன் வாய்க்காலைத் தூர் வாரி வைப்பவனே நல்ல விவசாயி. வெள்ளம் வந்தபின் மண்வெட்டியைத் தேடுபவன் பயிரை இழக்கிறான். சிறுநீரக நோயாளியின் கையிலும் வழியை முன்கூட்டியே அமைத்துக் காப்போமானால், குடும்பத் தலைவர் ஒருவர் மேலும் பல ஆண்டுகள் தம் மக்களுடன் வாழ வழி பிறக்கும்.