ஸ்டூல் இருக்கிறது, உட்காரலாமா?

ஜவுளிக்கடையில் சேலை விரித்துப் போடும் பெண்கள் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? அவர்களுக்கு இருக்கை கொடுத்தே ஆக வேண்டும் என்று தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் திருத்தம் வந்தது. கேரளம் 2018லேயே கொண்டுவந்துவிட்டது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்களைத் திரட்டி 'பெண்கூட்டு' அமைப்பின் விஜி வருஷக்கணக்கில் போராடியதற்குக் கிடைத்த பலன் அது. நம் பக்கத்து நிலைமையை வசந்தபாலன் 2010இலேயே 'அங்காடித் தெரு' படத்தில் காட்டியிருந்தார்.

வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம் என்கிறது சட்டம். அந்த வாய்ப்பு எப்போது என்று யார் சொல்வது? அங்கேதான் எல்லாம் இருக்கிறது.

நான் மதுரையில் பட்டுச்சேலை செக்‌ஷன் சூப்பர்வைசர். சேல்ஸ் பெண்ணாகச் சேர்ந்து மேலே வந்தவள். முன்பு இருந்த கடையில் சட்டம் வந்த கையோடு ஸ்டூல் வாங்கிப் போட்டார்கள். உட்காரக் கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் ஒருத்தி உட்கார்ந்தால் போதும், கேமராவில் பார்த்துவிட்டு மேனேஜர் இன்டர்காமில் கூப்பிடுவார்: "அஞ்சாம் நம்பர் சும்மாத்தான இருக்கு, ரேக்கை அடுக்கச் சொல்லு." அப்புறம் அந்த ஸ்டூலில் நாங்கள் அட்டைப்பெட்டி வைத்துக்கொண்டோம். ஜரிகை இழுபட்ட சேலை கண்ணில் பட்டால், மடித்து அடுக்கின் அடியில் தள்ளிவிடுவோம். எடுத்துக்கொண்டு போய்ச் சொன்னால் சம்பளத்தில் பிடிப்பார்களே! கடைசியில் அது ஏதோ ஒரு கல்யாண வீட்டார் கையில் விரியும்.

இப்போதைய கடையில் காலையில் சாம்பிராணி காட்டி முடித்ததும் முதலாளி அண்ணாச்சி நேராக எங்கள் செக்‌ஷனுக்கு வருவார். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார். ஒவ்வொருத்தியையும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார். "நேத்து எது போகல?" நாங்கள் எழுந்து நின்றால், "உக்காரும்மா, உக்காந்தே சொல்லு" என்பார். ஒருநாள் புதிதாகச் சேர்ந்த பெண், "அகல பார்டரைக் குள்ளமா இருக்கறவங்க கட்டிப் பாத்துட்டு வச்சிட்டுப் போயிடறாங்க அண்ணாச்சி" என்றாள். அடுத்த கொள்முதலில் சின்ன பார்டர் கூடுதலாக வந்தது. அன்றிலிருந்து அவள் வாயில் "நம்ம கடை"தான். டேமேஜ் சேலையும் இங்கே அன்றன்றே மேஜைக்கு வந்துவிடுகிறது.

அண்ணாச்சி ஒன்றும் மகான் இல்லை. சம்பள உயர்வு கேட்டால், "தீபாவளி கழியட்டும்" என்பார். தீபாவளி போனால் பொங்கல். ஆனாலும் பெண்கள் கடை மாறாமல் இருக்கிறார்கள். இருக்கையை வாங்கிப் போட்டுவிட்டுக் கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் முதலாளிகள், ஒருநாள் அதில் வந்து உட்கார்ந்து பார்க்கலாம்.

கடைக்கு வரும் உங்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் நுழையும்போது சேல்ஸ் பெண் உட்கார்ந்திருந்தால், மரியாதை இல்லை என்று கல்லாவில் போய்ச் சொல்லிவிடாதீர்கள். கூப்பிட்டால் எழுந்து வருவாள்.