ஒரே கெபாயா, நாலு இடம்: எதை மாற்றினால் தோற்றம் மாறும்?

ஹரி ராயா திறந்த இல்ல உபசரிப்புக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று, தோழியின் கல்யாணத்துக்கு ஒன்று. அலமாரி நிறைந்துவிட்டது. ஆனாலும் எதையும் இரண்டாவது தடவை போட மனசு வரவில்லை, இல்லையா? போன தடவை எடுத்த படம்தான் இன்ஸ்டாகிராமில் இருக்கிறதே.

ஜப்பானியர்கள் இதை எப்போதோ யோசித்துவிட்டார்கள். ஒரு கிமோனோவுக்கு மூன்று ஓபி என்று அங்கே ஒரு பேச்சு வழக்கு உண்டு. ஓபி என்பது கிமோனோவின் மேல் இடுப்பைச் சுற்றிக் கட்டும் பட்டை. உடை அதேதான். பட்டையும் அதன் மேல் கட்டும் கயிறும் மாறினால் ஆளே மாறிய மாதிரி இருக்கும். பினாங்கில் பாடாங் கோத்தா லாமாவில் நடக்கும் போன் ஓடோரி விழாவுக்குப் போயிருந்தால், கிமோனோவின் தங்கச்சியான யுகாத்தாவில் இதைக் கண்ணாலேயே பார்த்திருப்பீர்கள்.

ஆனால் இதே கணக்கில் இயங்கும் உடுப்பு ஒன்று ஜோர்ஜ்டவுனில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது. கெபாயா.

பட்டன் இல்லை, அதுதான் வசதி

ஒரு நியோன்யா கெபாயாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். முன்பக்கம் மேலிருந்து கீழ்வரை திறந்திருக்கும். பட்டன், ஜிப், கொக்கி எதுவும் கிடையாது. துணி பெரும்பாலும் வாயல். ஆமாம், நம் பாட்டிமார் உடுத்திய வாயல் சேலையின் அதே வாயல்தான். மெல்லியது என்பதால் உள்ளே போட்டிருப்பது தெரியும். முன் ஓரம், கை முனை, கீழ் விளிம்பு என்று ஓரங்களில் பூவும் பறவையுமாகத் தையல் வேலை இருக்கும்.

பணம் போவது அந்த வேலைக்குத்தான். வளையத்தில் இறுக்கிய துணியைத் தையல் எந்திரத்தின் ஊசிக்குக் கீழே கையால் நகர்த்தி நகர்த்தி, படம் வரைவது போலப் பூ போடுவார்கள். 'தெபுக் லுபாங்' என்ற வேலைப்பாட்டில் துணியில் சின்னச் சின்னத் துளைகள் வெட்டி, ஒவ்வொன்றின் ஓரத்தையும் நூலால் அடைப்பார்கள். முடிந்ததும் லேஸ் வைத்துத் தைத்த மாதிரி தெரியும். லேஸ் இல்லை, அதே துணிதான். கணினி எந்திரத்தில் போட்டது மலிவாகக் கிடைக்கும். ஆள் உட்கார்ந்து போட்டது சில நூறு ரிங்கிட்டில் தொடங்கி ஆயிரத்தையும் தாண்டும். அவ்வளவு கொடுத்து வாங்கியதை ஒரே நாள் போட்டு மடித்து வைத்தால் வயிறு எரியாதா?

சரி, பட்டன் இல்லாமல் எப்படி நிற்கிறது? 'கெரோங்சாங்' பிடித்துக்கொள்கிறது. மூன்று புரோச்சுகள், பெரும்பாலும் மெல்லிய சங்கிலியால் இணைந்திருக்கும். பழைய செட்களில் பெரியது இதய வடிவில் இருக்கும். அதற்கு 'இபு', அதாவது அம்மா என்று பெயர். வட்டமான சின்னது இரண்டும் 'அனாக்', பிள்ளைகள். அம்மா மேலே, பிள்ளைகள் கீழே. இந்த நகைகளைச் செய்தவர்களில் சீனத் தட்டார்கள் மட்டும் அல்ல, இந்திய, இலங்கைத் தட்டார்களும் உண்டு. சர்ச் ஸ்திரீட்டில் உள்ள பினாங்கு பெரானாக்கான் மாளிகைக்குப் போனால் நகைப் பகுதியை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள்.

கிமோனோவுக்கு ஓபி என்றால், கெபாயாவுக்கு இந்த கெரோங்சாங். உடையைத் தொடாமலேயே மாற்றக்கூடியது.

"நமக்கு எதுக்கு இது?"

முதல் கெபாயாவை நான் பையிலிருந்து எடுத்தபோது அம்மா கேட்ட கேள்வி இது. கோபமாகக் கேட்கவில்லை, புரியாமல்தான் கேட்டார். உங்கள் வீட்டிலும் கேட்கலாம் என்பதால் பதிலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

2024 டிசம்பர் 4 அன்று, பராகுவேயின் அசுன்சியோன் நகரில் நடந்த கூட்டத்தில் யுனெஸ்கோ கெபாயாவை மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. விண்ணப்பித்தது ஒரு நாடு அல்ல. மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர், புருணை, தாய்லாந்து என்று ஐந்து. யாருக்குச் சொந்தம் என்று ஆளுக்கு ஆள் இழுக்காமல் சேர்ந்து கேட்டதே இந்த வட்டாரத்தில் பெரிய விஷயம்.

நம் பக்கமும் கணக்கு இருக்கிறது. மலாக்காவின் கம்போங் செட்டியில் வாழும் மலாக்கா செட்டிகள் இந்து சமயத்தவர், பேசுவது மலாய், அவர்களின் பெண்கள் உடுத்துவது கெபாயாவும் சாரோங்கும். பினாங்கில் ஜாவி பெரானாக்கான் சமூகம் இருக்கிறது. தமிழ் முஸ்லிம் வணிகர்கள் உள்ளிட்ட இந்திய முஸ்லிம்களும் மலாய்ப் பெண்களும் மணமுடித்து உருவான சமூகம் அது. இன்னொன்று: மலாய் ஆண்கள் கட்டும் 'காயின் பெலிக்காட்' கைலி இருக்கிறதே, அந்தப் பெயர் சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டிலிருந்து வந்தது. அங்கிருந்து கப்பலேறிய துணி, ஊர்ப் பெயரையும் சேர்த்தே கொண்டுவந்துவிட்டது.

ஆகவே தயங்காமல் போடலாம். ஒரே ஒரு வேண்டுகோள்: கெபாயா என்று பெயர் சொல்லிப் போடுங்கள். 'ஃபியூஷன் டாப்' என்று தலைப்பு போட்டுப் பதிவேற்றினால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

இனி, ஒரே உடுப்பு

உதாரணத்துக்கு இளம்பச்சை கெபாயா ஒன்று என்று வைத்துக்கொள்வோம்.

முழு மரபுப்படி போக வேண்டுமானால் பாத்தேக் சாரோங். சாரோங்கில் 'கெப்பாலா' என்று ஒரு பகுதி உண்டு; மற்ற இடத்திலிருந்து மாறுபட்ட வேலைப்பாட்டுடன் பட்டையாக இருக்கும், அது முன்பக்கம் வர வேண்டும். இடுப்பில் வெள்ளிப் பட்டை. பாட்டியின் ஒட்டியாணம் பெட்டியில் தூங்குகிறதா? அதையும் முயன்று பாருங்கள், பொருந்துகிறது. காலில் 'காசுட் மானேக்', பொடி மணிகளைக் கோத்துத் தைத்த செருப்பு. கொண்டை போட்டு அதைச் சுற்றி மல்லிகை. நியோன்யாக்களும் மல்லிகை சூடியவர்கள்தான். லிட்டில் இந்தியாவில் ஒரு முழம் வாங்கினால் வேலை முடிந்தது.

தீபாவளிக்கு அதே கெபாயாவைப் பட்டுப் பாவாடையோடு போடலாம். இங்கேதான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். பாவாடையில் அகலமான ஜரிகை, மேலே நெருக்கமான பூ வேலை, கழுத்தில் ஆரம், நெஞ்சில் கெரோங்சாங் என்று நாலும் சேர்ந்தால் எதைப் பார்ப்பது? கெரோங்சாங் நெஞ்சின் நடுவில் இறங்குவதால் ஆரம் வேண்டவே வேண்டாம். அதற்குப் பதில் காதில் நல்ல ஜிமிக்கி. பாவாடைக்குச் சின்னக் கரை போதும். பொட்டு, வளையல் உங்கள் இஷ்டம்.

அலுவலகம், கல்லூரி என்றால் ஜீன்ஸ் அல்லது கறுப்பு நீளப் பாவாடை. முன்பக்கத்தைத் திறந்தபடியே விட்டு, உள்ளே சாதாரண பனியன் டாப். மணிச் செருப்பு வேண்டாம். மழையில் நனைந்தால் அழுகைதான் வரும்.

அமைதியாக இருக்க வேண்டிய இடங்களுக்கு நியோன்யாக்களின் பழைய வழக்கமே வழிகாட்டும். துக்க காலத்தில் அவர்கள் தங்கத்தையும் வைரத்தையும் கழற்றி வைத்துவிட்டு வெள்ளியும் முத்தும் அணிந்தார்கள். உடையின் நிறமும் வெள்ளை, நீலம், கறுப்பு என்று அடங்கிவிடும். இளம்பச்சையோடு துக்க வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. ஆனால் நினைவுக் கூட்டம், ஆசிரியரின் பணி ஓய்வு விழா போன்றவற்றுக்கு முத்து வைத்த வெள்ளி செட் ஒன்றை மாற்றிப் பாருங்கள். அதே கெபாயா குரலைத் தாழ்த்திக்கொள்ளும்.

அதிகம் பேர் கவனிக்காத இன்னொரு வழியும் இருக்கிறது. கெபாயா மெல்லிய துணி. உள்ளே போடும் உடை வெள்ளையானால் பச்சை வெளிறும், அடர்பச்சையானால் ஆழமாகும், தோல் நிறத்துக்கு நெருங்கியதானால் பூ வேலை மட்டும் தூக்கலாகத் தெரியும். ஒரே கெபாயா, மூன்று நிறம். செலவு என்னவோ இருபது, முப்பது ரிங்கிட். கோயிலுக்கோ பெரியவர்கள் வீட்டுக்கோ போகும்போது இந்த உள்ளுடை கைவைத்ததாக, கழுத்து ஏறியதாக இருந்தால் யாருக்கும் சங்கடம் இல்லை.

குத்தும்போது கவனம்

நான் முதல் தடவை கீழிருந்து மேலே குத்திக்கொண்டே வந்தேன். உட்கார்ந்ததும் நடுவில் இரண்டு இடத்தில் வாய் பிளந்தது. மேலிருந்து தொடங்குங்கள். அம்மாவை முதலில் நெஞ்சுக்கு நேராகக் குத்தி, முன் ஓரங்கள் இரண்டும் சமமாகத் தொங்குகின்றனவா என்று கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பிள்ளைகளுக்கு வாருங்கள். கடைசிப் பிள்ளை இடுப்புக்குச் சற்று மேலே. சங்கிலியை இறுக்கமாக இழுக்காமல் கொஞ்சம் தளர விடுங்கள். மூச்சு விடவும் சாப்பிடவும் இடம் வேண்டும். குத்திய பிறகு ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள்.

ஊசி எங்கே இறங்குகிறது என்பது அதைவிட முக்கியம். வெறும் வாயலில் குத்தினால் கனம் தாங்காமல் ஓட்டை பெரிதாகும். நூல் வேலை நெருக்கமாக உள்ள ஓரத்தில் குத்துங்கள். பழைய, கனமான செட் என்றால் உட்பக்கம் சின்னத் துணித்துண்டு ஒன்றை வைத்து அதையும் சேர்த்துக் குத்தலாம். மூன்று தனித்தனிப் புரோச்சும் தாராளமாகப் போதும். சேலைக்குக் குத்தும் புரோச்சே போதும், செட்தான் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

வீடு திரும்பியதும் முதல் வேலை கெரோங்சாங்கைக் கழற்றுவது. குத்தியபடியே மடித்து வைத்தால் அடுத்த விசேஷத்துக்குள் துரு அடையாளம் விழுந்திருக்கும். கெபாயாவைக் கையால், மிதமான சோப்பில் அலசி, முறுக்காமல் நிழலில் காயப்போடுங்கள். அயர்ன் பண்ணும்போது ஒரு துண்டை விரித்து, பூ வேலை துண்டைப் பார்க்கும்படி கவிழ்த்துப் போட்டுத் தேயுங்கள், பூ நசுங்காது.